நாயின் தோலில் சின்னப் புண்: வீட்டில் ஆற்றும் முறை

ஐப்பசி மழையில் நனைந்துவிட்டு வந்த லாப்ரடாரின் காதுக்குக் கீழே, மறுநாள் காலை, ஒரு இடத்தில் மட்டும் முடி திரிதிரியாக ஒட்டிக்கொண்டு நிற்கும். விரலால் விலக்கிப் பார்த்தால் உள்ளே காசளவுக்குத் தோல் சிவந்து, பிசுபிசுவென்று நீர் கசிந்துகொண்டிருக்கும். லேசான நாற்றமும் வரும். தொட்டால் நாய் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். காலையில் காசளவில் இருந்தது சாயங்காலத்துக்குள் உள்ளங்கை அளவுக்கு வந்துவிடலாம். கால்நடை மருத்துவர்கள் இதை 'ஹாட் ஸ்பாட்' என்பார்கள். இங்கே ஈரப்புண் என்று சொல்கிறோம்.

இந்த மாதிரிப் புண்ணைச் சரியாகக் கையாண்டால் இரண்டு நாளில் காய்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். தப்பாகக் கையாண்டால் மாதக்கணக்கில் இழுக்கும். பெரும்பாலும் இழுத்தடிப்பதற்குக் காரணம், மருந்து போடாமல் விட்டதல்ல, கையில் கிடைத்ததையெல்லாம் பூசியது.

தோலில் என்ன நடக்கிறது

நாயின் தோலில் புண்ணை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் ஒன்றுதான்: ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியா. இது எங்கிருந்தோ வந்து தொற்றிக்கொள்வதில்லை. நல்ல ஆரோக்கியமான நாயின் மூக்கிலும் வாயிலும் தோலிலும் எப்போதும் குடியிருப்பது. தோல் முழுசாக, காய்ந்து இருக்கும்வரை அது தன் பாட்டுக்கு இருக்கும். தெள்ளுப்பூச்சி கடித்து நாய் சொறிந்தாலோ, குளித்த முடி காயாமல் கிடந்தாலோ, ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருந்தாலோ தோலின் மேல்படலம் பிய்ந்துவிடும். உடனே இந்தக் கிருமி பெருகத் தொடங்கும். மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையும் இப்படித்தான், சாதாரணமாகவே தோலில் இருக்கும். ஈரமும் எண்ணெய்ப் பசையும் கூடினால் தலைதூக்கும்.

ஆகவே செய்ய வேண்டியவை நான்கு. கிருமியின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், இடத்தைக் காய வைக்க வேண்டும், நாயின் நாக்கையும் நகத்தையும் தடுக்க வேண்டும், முதலில் தோல் பிய்ந்ததற்குக் காரணம் என்ன என்று தேட வேண்டும். முதல் மூன்றையும் செய்துவிட்டு நாலாவதை விட்டால் அடுத்த மாதம் அதே புண் வேறு இடத்தில் வரும்.

வீட்டில் பார்த்துக்கொள்ளக்கூடியது எது

நாய் வழக்கம்போலச் சாப்பிட்டு, விளையாடிக்கொண்டிருக்க வேண்டும். புண் உங்கள் உள்ளங்கையை விடச் சிறியதாக, தோலின் மேல்பரப்போடு நின்றிருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் கீழே சொல்வதை வீட்டில் செய்யலாம்.

அப்படிப்பட்டவை பொதுவாக நான்கு விதம். மேலே சொன்ன ஈரப்புண் ஒன்று. வயிற்றிலும் தொடையிடுக்கிலும் வரும் கடுகளவு சீழ்க்கொப்புளங்கள் இரண்டாவது; மூன்று நான்கு மாதக் குட்டிகளின் அடிவயிற்றில் இவற்றை அதிகம் பார்க்கலாம். கால்விரல் இடுக்கில் வரும் சிவப்பு மூன்றாவது. பக் போன்ற நாய்களின் முக மடிப்புகளில் வரும் ஈரச் சிவப்பு நாலாவது.

கொப்புளத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அது முழுசாக இருப்பது கொஞ்ச நேரம்தான். உடைந்ததும் அந்த இடத்தில் வட்டமாகச் செதில் உரிந்து, நடுவில் லேசாகக் கறுத்து, ஓரத்தில் மெல்லிய தோல் விளிம்பு ஒரு வளையம்போல நிற்கும். மனிதருக்கு வரும் படர்தாமரையைப் போலவே இருப்பதால் பல வீடுகளில் உடனே படர்தாமரைக் களிம்பைத் தேய்க்கிறார்கள். பாக்டீரியாவால் வந்த வளையத்துக்கு அது உதவாது. ஓரத்தைக் கவனியுங்கள்: உரிந்த செதில் உள்பக்கம் நோக்கித் தூக்கியபடி, பக்கத்திலேயே ஒன்றிரண்டு புதுக் கொப்புளங்களும் இருந்தால் பெரும்பாலும் பாக்டீரியா. முடி ஒட்ட வெட்டியதுபோல முறிந்து, வட்டமாகச் சொட்டை விழுந்து, வீட்டில் குழந்தைகளுக்கும் தோலில் வளையம் வந்திருந்தால் அது நிஜப் படர்தாமரையாக இருக்கலாம். அதைக் கண்ணால் பார்த்து முடிவுகட்ட முடியாது, மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வீட்டில் கை வைக்கக் கூடாதவையும் உண்டு. காது விளிம்பு, முழங்கை, பின்னங்கால் மூட்டு ஆகிய இடங்களில் முடி கொட்டி, மேலோடு கட்டி, நாய் இரவெல்லாம் சொறிந்துகொண்டே இருந்தால் அது சொறிப்பூச்சி. உங்கள் கையிலும் வயிற்றிலும் அரிப்புத் தடிப்பு வரலாம். ஒரு வயதுக்குட்பட்ட நாயின் கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும், பெரிதாக அரிப்பில்லாமல் முடி உதிர்ந்தால் டெமோடெக்ஸ் பூச்சியாக இருக்கலாம். இரண்டுக்கும் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்கள்.

புழு வைத்த புண்ணை ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. சிறிய ஓட்டை, அதிலிருந்து ரத்தம் கலந்த நீர், தாங்க முடியாத தனி நாற்றம், விடாமல் மொய்க்கும் ஈ, இவைதான் அடையாளம். ஈ இட்ட முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். புழுக்கள் உயிருள்ள சதையையே தின்றுகொண்டு உள்ளே போகும், வெளியே தெரிவதை விட உள்ளே குழி பெரிதாக இருக்கும்.

வாங்கி வைக்க வேண்டியவை

காஸ் துணி, ஊசியில்லாத 20 மி.லி. சிரிஞ்ச், நுனி மழுங்கிய கத்தரி, ஒரு சின்னச் சீப்பு, கையுறை, கூம்புக் காலர், தண்ணீரில் கரையும் ஜெல்லி (மெடிக்கல் ஷாப்பில் கே.ஒய். ஜெல்லி என்று கேட்டால் கொடுப்பார்கள்). பஞ்சைவிடக் காஸ் நல்லது. பஞ்சின் நார் ஈரப்புண்ணில் ஒட்டிக்கொண்டு பிறகு எடுக்க வராது.

உப்புத்தண்ணீர்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. பொடியுப்பாக இருந்தால் டீஸ்பூனில் தட்டையாக ஒன்றரை. கல் உப்பை ஸ்பூனால் அளந்தால் கணக்குத் தவறும், எடை போட்டுத்தான் போட வேண்டும். கொதிக்க வைத்து, மூடி ஆற வைத்து, அன்றன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள். உப்பு கூடினால் புண் எரியும். எரிந்தால் நாய் அடுத்த முறை கிட்டேயே வராது.

கிருமிநாசினிக்கு முதல் தேர்வு குளோர்ஹெக்சிடின். திறந்த புண்ணுக்கு 0.05 சதவீதம் போதும். 2 சதவீதக் கரைசல் கிடைத்தால் 5 மி.லி. எடுத்து 195 மி.லி. கொதித்து ஆறிய தண்ணீரில் கலந்தால் 0.05 சதவீதம் வரும். 0.2 சதவீதமாக இருந்தால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். புட்டியின் மேல் உள்ள சதவீதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். 20 சதவீத அடர்கரைசலும் கடைகளில் உண்டு, அதை 2 சதவீதம் என்று நினைத்துக் கலந்தால் பத்து மடங்கு வீரியத்தில் தோலை வேக வைத்துவிடும். ஆஸ்பத்திரியில் கை கழுவப் பயன்படும் 4 சதவீத ஸ்க்ரப்பில் நுரை வருவதற்கான சோப்புப் பொருளும் இருக்கிறது, அது திறந்த புண்ணுக்கு ஆகாது. வாய் கொப்பளிக்கிற திரவத்தில் வாசனைப் பொருட்கள் இருப்பதால் அதுவும் வேண்டாம்.

குளோர்ஹெக்சிடினில் இரண்டு நுணுக்கம் உண்டு. சாதாரண சோப்பு பட்டால் அதன் வீரியம் போய்விடும். எனவே சோப்புப் போட்டுக் கழுவிய இடத்தில் உடனே இதை ஊற்றிப் பயனில்லை. போர் தண்ணீரிலோ உப்புத்தண்ணீரிலோ கலந்தால் கலங்கி அடியில் படியலாம். சென்னையில் பல தெருக்களில் குழாயில் வருவது கடினத் தண்ணீர்தான், அதனால் கலப்பதற்கு மட்டுமாவது குடிக்கிற கேன் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணிலும் காதுக்குள்ளும் இது ஒரு சொட்டும் போகக் கூடாது.

குளோர்ஹெக்சிடின் கிடைக்காத ஊர்களில் பொவிடோன் அயோடின், அதாவது எல்லாரும் பீட்டாடின் என்று சொல்வது. 5 சதவீதப் புட்டியிலிருந்து 4 மி.லி. எடுத்து 200 மி.லி. ஆகும்வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். 10 சதவீதமாக இருந்தால் 2 மி.லி. போதும். பால் சேர்க்காத லைட் டீயின் நிறத்தில் இருக்கும். புட்டியிலிருந்து அப்படியே ஊற்றினால் இன்னும் நன்றாகக் கிருமி சாகும் என்று தோன்றும். உண்மையில் நீர்த்த கரைசலில்தான் அயோடின் சுலபமாகப் பிரிந்து வேலை செய்கிறது, அடர்த்தியானது ஆறிவரும் சதையைப் புண்ணாக்கும். நிறம் வெளுத்துப்போன கரைசலில் வீரியம் இல்லை, கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கவும்.

ஈரப்புண்ணை ஆற்றுவது

ஈரப்புண் கடுமையாக வலிக்கும். வீட்டில் குழந்தையோடு குழந்தையாகப் படுத்துக்கிடக்கும் நாய்கூட அந்த இடத்தைத் தொட்டால் கடிக்கலாம். ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக்கொடுக்க, இன்னொருவர் வேலையைப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் ரோல் பேண்டேஜை மூக்கின் மேல் ஒரு சுற்று, தாடைக்கு அடியில் ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் ஒரு கட்டு என்று போட்டு வாயைக் கட்டலாம். மூக்கு சப்பையான நாய்க்கும், நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருக்கும் நாய்க்கும் இப்படிக் கட்டக் கூடாது, மூச்சு முட்டும். கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாயே ஆனாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். தெருநாய்க்கு உதவி செய்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

முதல் வேலை முடியை வெட்டுவது. புண்ணின் மேல் ஜெல்லியைத் தடவிவிட்டால் வெட்டிய முடி ஜெல்லியில் ஒட்டிக்கொள்ளும், புண்ணுக்குள் விழாது. சீப்பைத் தோலோடு ஒட்டிச் செருகி, சீப்புக்கு மேலே நிற்கும் முடியை மட்டும் கத்தரியுங்கள். சீப்பு இல்லாமல் வெட்டினால் கத்தரி தோலையும் சேர்த்துப் பிடித்துவிடும், நாயின் தோல் அவ்வளவு மெல்லியது. சவரக் கத்தி வேண்டாம். புண்ணைச் சுற்றி நல்ல தோல் 2 செ.மீ. தெரியும்வரை வெட்டுங்கள். வெட்டி முடித்ததும், நினைத்ததைவிடப் புண் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அது ஏற்கெனவே அவ்வளவு இருந்ததுதான். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பரவியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பதை ஞாபகத்தை நம்பிச் சொல்ல முடியாது.

அடுத்து, உப்புத்தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து, மெதுவாகப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். நாலைந்து சிரிஞ்ச் ஆகும். மேலே மஞ்சளாகப் பொருக்குக் கட்டியிருந்தால் சுரண்டாதீர்கள். உப்புத்தண்ணீரில் நனைத்த காஸை 5 நிமிடம் மேலே போட்டு வைத்தால் ஊறித் தானாக வந்துவிடும். வராததை அடுத்த வேளைக்கு விட்டுவிடுங்கள்.

ஈரத்தைக் காஸால் ஒற்றி எடுத்த பிறகு, 0.05 சதவீதக் குளோர்ஹெக்சிடினில் நனைத்த காஸை ஒற்றி ஒற்றி வையுங்கள். தேய்க்க வேண்டாம். 5 நிமிடம் ஈரமாக இருக்கட்டும். இதை மறுபடி தண்ணீர் ஊற்றி அலசத் தேவையில்லை. பிறகு ஒற்றி எடுத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே கால் மணி நேரம் உட்கார வைத்து நன்றாகக் காய விடுங்கள்.

கட்டுப் போடாதீர்கள். பிளாஸ்திரி ஒட்டாதீர்கள். புண்ணைத் திறந்தபடி விட மனசு வராது, ஈ உட்காருமே என்று தோன்றும். ஆனால் கட்டுக்குள் சூடும் ஈரமும் தங்கி, இந்தக் கிருமிக்கு வேண்டியது அனைத்தையும் நாமே செய்து கொடுத்ததாகிவிடும். ஈயைத் தடுக்க நாயை வீட்டுக்குள், விசிறிக் காற்றில் வைத்திருந்தால் போதும்.

உடனே கூம்புக் காலரைப் போட்டுவிட வேண்டும். பின்னால் போடலாம் என்று தள்ளினால், நீங்கள் கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் மொத்த வேலையையும் நாய் நக்கி முடித்திருக்கும். நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது தவறு. அந்தச் சொரசொரப்பான நாக்கு புதிதாக மூடும் தோலை உரித்துக்கொண்டே இருக்கும், வாயிலுள்ள கிருமியையும் கொண்டுபோய் வைக்கும். காலரின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டங்குலம் நீண்டிருக்க வேண்டும், கழுத்தில் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி வேண்டும். சாப்பிடும்போது மட்டும் கூட இருந்து கழற்றலாம். முதுகிலோ விலாவிலோ புண் என்றால் பழைய காட்டன் டி-ஷர்ட்டைத் தளர்வாகப் போட்டுவிட்டாலும் போதும், ஆனால் நனைந்தால் மாற்ற வேண்டும். புண் கழுத்தில் இருந்தால் காலர் அதன்மேல் உரசும், அப்போது பின்னங்காலுக்குக் காட்டன் சாக்ஸ் மாட்டி நகத்தைத் தடுக்க வேண்டும்.

முதல் மூன்று நாள் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை. பிறகு தினம் ஒரு வேளை, புண் மூடும்வரை. 24 மணி நேரத்தில் கசிவு குறைய வேண்டும். 48 மணி நேரத்தில் மேற்பரப்பு காய்ந்து, சிவப்பு மங்கி, தொட்டால் நாய் அதிகம் துடிக்காமல் இருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை என்றால் மூன்றாம் நாளும் அதையே செய்துகொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். புண்ணைச் சுற்றி நல்ல தோலில் குட்டிக் குட்டியாகக் கட்டிகள் தட்டுப்பட்டாலும் போக வேண்டும். கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார் நாய்களின் கன்னத்திலும் கழுத்திலும் வரும் ஈரப்புண் பல நேரம் இப்படி முடிக்குழிகளுக்குள் இறங்கியிருக்கும். மேலே கழுவுவது மட்டும் அதற்குப் போதாது.

கொப்புளத்துக்கும் செதிலுக்கும்: மருந்து ஷாம்பு

ஒன்றிரண்டு கொப்புளம் என்றால், அதே 0.05 சதவீதக் கரைசலை நனைத்த காஸால் தினம் இரண்டு வேளை துடைத்தாலே போய்விடும். குட்டிகளுக்கு இது போதும். உடைக்கவோ அழுத்தவோ கூடாது. வயிறு, தொடை, விலா என்று சிதறியிருந்தால் 2 முதல் 4 சதவீதம் குளோர்ஹெக்சிடின் உள்ள நாய் ஷாம்புதான் வழி. மேல்தோலோடு நிற்கும் இந்த மாதிரித் தொற்றுக்கு, மாத்திரைக்கு முன்னால் ஷாம்புச் சிகிச்சையையே முதலில் செய்யச் சொல்கிறார்கள் தோல்நோய் மருத்துவர்கள். தேவையில்லாத இடத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்துக் கொடுத்து, எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகள் நாய்களிடமும் பெருகிவிட்டன.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று குளியல். முறை முக்கியம், ஷாம்பு பலிக்கவில்லை என்பவர்களில் நிறையப் பேர் அவசரக் குளியல் போட்டவர்கள்.

நாயை முழுசாக நனைத்து, முடியைக் கையால் வழித்து நீரை இறக்குங்கள். நீர் சொட்டச் சொட்ட இருந்தால் மருந்து நீர்த்துப்போகும். அதே காரணத்தால் ஷாம்புவை ஒரு மக் தண்ணீரில் கரைத்து ஊற்றவும் கூடாது. கையில் ஊற்றி, புண் அதிகமுள்ள இடத்தில் முதலில், பிறகு மற்ற இடங்களில், தோல்வரை விரல் நுழைத்துத் தேயுங்கள். கடைசி இடத்தில் நுரை வந்த பிறகு கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம். கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. கண்ணை மூடி எண்ணிப் பார்த்தால் 10 நிமிடம் மிக நீளம், மூன்றாவது நிமிடத்திலேயே ஊற்றிவிடத் தோன்றும். அந்த நேரத்தில் நாய் நுரையை நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளியலறைச் சுவரில் நாயின் மூக்கு உயரத்தில் ஒரு ஸ்பூன் கெட்டித் தயிரைப் பூசிவிட்டால் பெரும்பாலான நாய்கள் அதிலேயே நின்றுவிடும்.

அலசுவதற்குத் தேய்த்ததைவிட அதிக நேரம் வேண்டும். அக்குள், தொடையிடுக்கு, வயிறு ஆகிய இடங்களில் நுரை தங்கினால் அதுவே புது அரிப்பைக் கொண்டுவரும். பிறகு துண்டால் ஒற்றி, காற்றில் காய விட வேண்டும். டிரையர் போடுவதானால் சூடில்லாத காற்று மட்டும். ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் போன்ற அடர்முடி நாய்கள் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும், கழுத்தடியிலும் வாலின் அடியிலும் முடியைப் பிரித்துத் தொட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் சாயங்காலம் குளிப்பாட்டவே வேண்டாம்.

மனிதர்களின் ஷாம்புவும் குழந்தை சோப்பும் இதற்கு மாற்று அல்ல. நம் தோல் கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோல் அப்படியல்ல. நமக்கு மென்மையாக இருப்பது அதற்குத் தோலை வறட்டி உடைக்கும்.

தோலில் எண்ணெய்ப் பிசுக்கும் புளித்த மாவு போன்ற வாடையும் இருந்து, அக்குளும் கழுத்தடியும் கறுத்துத் தடித்துப் போயிருந்தால் அங்கே மலசீசியா சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு டேப்பைத் தோலில் ஒட்டி எடுத்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் பார்த்தால் மருத்துவர் சில நிமிடத்தில் சொல்லிவிடுவார். அதற்கு 2 சதவீதம் மைக்கோனசோல், 2 சதவீதம் குளோர்ஹெக்சிடின் சேர்ந்த ஷாம்பு, வாரம் இரண்டு முறை, மூன்று வாரம்.

எந்த ஷாம்பு என்றாலும் புதுக் கொப்புளம் நின்ற பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும். வழக்கமாக மூன்று வாரம் ஆகும். ஒரு வாரத்தில் அரிப்பு நின்றதும் நிறுத்துவதால்தான் பாதிப் பேருக்கு 'போனது திரும்பி வருகிறது'.

விரலிடுக்கும் முக மடிப்பும்

மழைச் சேற்றில் நடந்துவிட்டு வந்த காலைத் துடைக்காமல் விட்டால் விரலிடுக்கு சிவக்கும். வெள்ளை முடி உள்ள நாய் என்றால் காலை நக்கி நக்கி முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருக்கும், எச்சிலில் உள்ள நிறமிதான் காரணம். ஒரு பேசினில் கால் மூழ்கும் அளவு 0.05 சதவீதக் கரைசல் ஊற்றி 5 நிமிடம் நிற்க வைத்து, ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித்தனியாகத் துணியால் உலர்த்துங்கள். தினம் ஒரு முறை, ஒரு வாரம். ஒரே ஒரு காலில், ஒரே ஒரு இடுக்கில் வீக்கமும் துவாரமும் இருந்தால் உள்ளே முள்ளோ புல் முனையோ ஏறியிருக்கலாம், அதை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

முக மடிப்பை உப்புத்தண்ணீர்க் காஸால் துடைத்து, உலர்ந்த காஸால் ஈரம் போக ஒற்றி எடுத்தால் போதும். கண்ணுக்கு அருகில் வேறெதுவும் வேண்டாம்.

பூசக் கூடாதவை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நாய் தன் உடம்பில் பூசிய எதையும் நக்கும். எனவே பூசுவதெல்லாம் தின்னக் கொடுப்பதற்குச் சமம்.

கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய் பல வீடுகளில் முதல் மருந்து. கற்பூரம் நாய்க்கு விஷம், நக்கினால் வலிப்பு வரலாம். வெறும் தேங்காய் எண்ணெய் விஷமில்லை, ஆனால் ஈரப்புண்ணின் மேல் அது காற்றை அடைத்துவிடும், மலசீசியாவுக்குத் தீனியும் ஆகும். மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்து அப்பினால், காய்ந்து பொருக்காகி அதற்கடியில் சீழ் கட்டுவது வெளியே தெரியாது. நிறம் ஏறிவிட்டதால் சிவப்புப் பரவுவதும் தெரியாமல் போகும். நல்லெண்ணத்தோடு செய்வதுதான் என்றாலும், புண் ஆழமான பிறகே பலர் கவனிக்கிறார்கள்.

பழைய என்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், பெட்ரோல், ஃபினாயில், டெட்டால்: இவற்றில் எதையும் ஒரு சொட்டுகூட வேண்டாம். தோலை வேக வைக்கும், தோல்வழியே உள்ளேயும் போகும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு நுரைப்பதைப் பார்த்துச் சுத்தமாகிறது என்று நினைக்கிறோம், அது ஆறும் சதையையும் சேர்த்து அழிக்கிறது. ஸ்பிரிட் எரியும், அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம்விட அதிகக் கெடுதல் செய்வது, பெயர் சொல்லி வாங்கும் கலவைக் களிம்பு. ஸ்டீராய்டு, பூஞ்சைமருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் ஒரே டியூபில் இருக்கும். தடவிய அன்றே அரிப்பு நிற்கும், சிவப்பு போகும், வீட்டில் நிம்மதி வரும். ஸ்டீராய்டு அமுக்குவது தோலின் எதிர்ப்பைத்தான், கிருமியை அல்ல. அடியில் படர்தாமரையோ டெமோடெக்ஸோ இருந்தால் அது தடையில்லாமல் பரவும். களிம்பை நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பும். துத்தநாகம் உள்ள கலமைன், டயப்பர் களிம்புகள் நக்கினால் வயிற்றுக்குள் போய்க் கெடுக்கும். சொரியாசிஸுக்கு மனிதர்கள் பூசும் கால்சிபோட்ரியால் களிம்பைக் கொஞ்சம் நக்கினாலே நாயின் உயிருக்கு ஆபத்து, டியூபைக்கூட நாய்க்கு எட்டாமல் வையுங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் செஃபலெக்சின், அமாக்சிசிலின் மாத்திரைகளையும் கொடுக்காதீர்கள். எடைக்கு ஏற்ற அளவும் நாள்கணக்கும் மருத்துவர் சொல்ல வேண்டியவை. வலிக்காக இபுபுரூஃபன், பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது.

காரணத்தைத் தேடுவது

நாயை வெள்ளைத் துணியில் நிறுத்தி, வாலின் அடிப்பகுதியிலும் முதுகிலும் நெருக்கமான சீப்பால் சீவுங்கள். விழும் கறுப்புப் பொடியை ஈரப் பஞ்சில் வைத்து நசுக்கிப் பாருங்கள். அழுக்கு என்றால் சாம்பலாகவே இருக்கும். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, செரித்த ரத்தம். ஒரு பூச்சிகூடக் கண்ணில் படாவிட்டாலும் வீட்டில் தெள்ளு இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும். நாய்க்கு மருத்துவர் சொல்லும் மாதாந்திர மருந்தைக் கொடுத்தால் மட்டும் போதாது. படுக்கும் சாக்கையும் துணியையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும், மூலைமுடுக்கைப் பெருக்க வேண்டும். உண்ணி சுவர் வெடிப்புகளில் ஏறி முட்டையிடும், கூண்டுக்குப் பின்னாலுள்ள சுவரைப் பூசி அடைத்துவிடுங்கள்.

தெள்ளும் இல்லை, ஈரமும் இல்லை, இருந்தும் ஆண்டுக்கு மூன்று நாலு முறை புண் வருகிறது என்றால், உணவு ஒவ்வாமை, தூசி ஒவ்வாமை, தைராய்டுக் குறைவு போன்ற ஏதோ ஒன்று அடியில் இருக்கிறது. இனி கழுவிக் கழுவிப் பயனில்லை, அதைக் கண்டுபிடிக்கத்தான் செலவழிக்க வேண்டும்.

எப்போது கிளம்ப வேண்டும்

புண்ணிலிருந்து ரத்தமோ கெட்டிச் சீழோ துவாரம் வழியாக வந்தால், கண், காது, பிறப்புறுப்புக்கு அருகில் இருந்தால், நாய் சோர்ந்து சாப்பாட்டை ஒதுக்கினால், ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் (101 முதல் 102.5 வரை இயல்பு) அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். குட்டி, கர்ப்பிணி நாய், ஸ்டீராய்டு சாப்பிடும் நாய் என்றால் 48 மணி நேரம் காத்திருக்காதீர்கள். பக்கத்தில் கால்நடை மருந்தகம் இல்லாதவர்களுக்கும், தீராத தோல்நோய்க்கும், சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் இருக்கின்றன.

போகும் அன்று காலை கழுவவோ குளிப்பாட்டவோ வேண்டாம். என்ன பூசினீர்கள், எத்தனை நாள், எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி, புட்டிகளையும் டியூபையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். காசு வைத்து எடுத்த போட்டோக்களைக் காட்டுங்கள். முழுசான கொப்புளம் ஒன்றாவது இருந்தால் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த மருந்து கேட்கும் என்று சோதிக்க, அதிலிருக்கும் ஒரு துளி சீழ்தான் மருத்துவருக்கு வேண்டியது.